கேட்டபடி தோசை

ராஜாத்திக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரத்தநாட்டுக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் பாலத்தை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் வைத்தியலிங்கம் கடை திறந்து வாசலில் மஞ்சள் பலகை மாட்டினார். வயல் வேலைக்குப் போன பெண்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்கள். ராஜாத்தி மட்டும் நின்றாள். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒவ்வோர் எழுத்தாக உதட்டுக்குள் சொல்லிச் சேர்த்தாள். 'தோசை, அவரவர் கேட்டபடி உடனுக்குடன் சுட்டுத் தரப்படும்.'

அவரவர் என்பதில் தானும் உண்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வைத்தியலிங்கம் மதராஸ் ஓட்டல் ஒன்றில் அடுப்படியில் நின்று தொழில் கற்று வந்தவர். பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் டிரைவருக்கு நெய் முறுகல், கண்டக்டருக்கு வெங்காயம் தூவியது, உர டிப்போ குமாஸ்தாவுக்கு மிளகாய் இல்லாமல் மெத்தென்று ஒன்று, என எல்லாம் இலைக்கு வந்துவிடும். யாருக்கு எது என்று ஒருநாளும் மாறியதில்லை. ருசிக்காக வந்தவர்களைவிட, தான் சொன்னது தன் இலையில் வந்து விழுகிற சுகத்துக்காக வந்தவர்கள்தான் அதிகம். அவர் கட்சிக் கரை வேட்டி கட்டியவர். ஆட்சி நம்முடையது, இனி மேல் கீழ் கிடையாது என்று தோசைக்கல்லின் முன்னால் நின்றபடியே பேசுவார். பெஞ்சில் இருப்பவர்கள் மென்றபடி தலையாட்டுவார்கள்.

ராஜாத்தியிடம் அதுவரை யாரும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. பண்ணையில் ஊற்றிய கஞ்சி புளித்திருந்தாலும் அதுதான், அடிப்பிடித்திருந்தாலும் அதுதான். கல்யாணச் சேலை பண்ணை வீட்டு அம்மா எடுத்துக் கொடுத்தது. அவளுக்குப் பிடிக்காத பாக்கு நிறம். மருதையனைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும் பண்ணைதான். அவன் நல்லவனாக வாய்த்தது தற்செயல்.

ஒரு சாயங்காலம், கூலி வாங்கிய கையோடு அவள் கடையின் முன்வாசலில் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத் தடுமாறாமல் சொன்னாள்.

"முறுகலா ஒண்ணு. வெங்காயம் போட்டு. எண்ணெ கம்மியா."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குமாஸ்தா, "மகராணிக்கு முந்திரிப்பருப்பும் தூவிக் குடுங்க மாஸ்டர்" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னாடி போ. காலையில சுட்டது கெடக்கு. இருக்கிறதத் தின்னுட்டுப் போ."

"பலகையில கேட்டபடின்னு போட்டிருக்கீங்களே."

"அது உனக்குப் போட்டதில்ல."

கடையின் பின்பக்கம் அவளுக்குத் தெரியும். எச்சில் தண்ணீர் ஓடுகிற இடம். அங்கே நின்று, தூக்கிப் போடுவதைக் கையில் ஏந்தித்தான் அவள் தெருவே தின்றுகொண்டிருந்தது. அவள் பின்னால் போகவில்லை. வீட்டுக்கு வந்தாள். பழையதைக் கரைத்துக் குடித்ததில் பசி அடங்கியது, மற்றது அடங்கவில்லை. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர்களையே போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது, இந்த நேரத்தில் தோசைக்கு ஒரு சண்டையா என்று மருதையன் அலுத்துக்கொண்டான்.

"கூலிய சங்கம் கேக்கும். இத நான்தான் கேக்கணும்" என்றாள்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் பிந்தி வந்தது. எல்லா வயலும் ஒரே சமயத்தில் ஆள் தேடியது. கூலித் தகராறில் வெளியூர் ஆட்களைச் சங்கத்துக்காரர்கள் எல்லையிலேயே மறித்தார்கள். வைத்தியலிங்கம் பாலத்துக்குக் கீழே கொஞ்சம் நிலம் வாங்கிப் புது ரக நெல் போட இருந்தார். அவருக்குக் கிடைத்தது ராஜாத்தியின் கூட்டம்தான். அன்று திரும்பிப் பார்க்காததால் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வயலில் வீசிக் கிடந்தது. வரப்பில் குடை பிடித்து நின்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கயிறு பிடித்து நட வேண்டும். வரிசை கோணக் கூடாது. சாண் இடைவெளி. குத்துக்கு இரண்டு நாற்றுக்கு மேல் போனால் கூலி கிடையாது. மேலாக நட வேண்டும், அமுக்கக் கூடாது.

ராஜாத்தி சேற்றில் நிமிர்ந்து நின்றாள்.

"கயிறும் கெடையாது, சாணும் கெடையாது. எங்களுக்கு வர்றபடிதான் நடுவோம். இருக்கிறத எடுத்துக்கிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற ஜெயா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மற்றப் பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள், ஆனால் ஒரு கையும் நாற்றைத் தொடவில்லை. வைத்தியலிங்கம் கத்தினார். வேறு ஆள் கொண்டுவருவேன் என்றார். கொண்டுவாங்க என்றாள். போலீஸ் என்றார். போலீஸ்காரருக்கு நடத் தெரியுமா என்று வரிசையில் யாரோ முணுமுணுக்க, நாலைந்து முதுகுகள் குலுங்கின. வெயில் ஏறியது. நாற்றின் நுனி துவளத் தொடங்கியது. அவர் நாற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடை வாசலில் கேட்ட குரல் என்று அப்போதுதான் அடையாளம் கண்டார்.

"தோசைதானே. நாளைக்கு வா, சுட்டுத் தர்றேன்."

"முன்னாடி. பெஞ்சில ஒக்காந்து."

துவண்ட நாற்றை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்று கயிறு பிடித்து, அவர் கேட்ட சாணில், அவர் கேட்டபடியே நட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் அவள் குளித்து, தலை வாரிப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் குமாஸ்தா இலையோடு எழுந்து வெளியே போய்விட்டார். தோசை வந்தது. முறுகல், வெங்காயம், எண்ணெய் கம்மி. இலையை வைத்த கை அவள் பக்கம் வராமல் தூரத்திலிருந்தே தள்ளியது. அவள் அவசரப்படாமல், ஓரத்திலிருந்து ஒடித்து ஒடித்துத் தின்றாள். நன்றாக இருந்தது. அத்தனை நன்றாக இருந்ததே அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள்?

அதற்கு அடுத்த நாள் காலையில் பலகையில் சுண்ணாம்பு அடித்திருந்தது. இனி இட்லி மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே சட்னி. டிரைவர் முணுமுணுத்தார். குமாஸ்தா அவளைப் பார்த்ததும் வெடித்தார். "எல்லாம் உன்னாலதான். நல்லா ஓடிக்கிட்டிருந்த கடை."

"எனக்கும் வேணும்னுதான் கேட்டேன். ஒங்களுக்கு வேணாம்னு நான் சொல்லலியே. ஏன் நிறுத்தினீங்கன்னு அவரக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. இவள் கேட்டதைத் தருவதைவிட யாருக்கும் தராமல் இருப்பதே அவர்களுக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் இட்லியைத் தின்றார்கள்.

ஆனால் சுண்ணாம்பை மெல்லிசாகத்தான் அடித்திருந்தார்கள். மழை இரண்டு பெய்ததும் கீழே இருந்த எழுத்து தெரிய ஆரம்பித்தது. ராஜாத்தி தினமும் நடவுக்குப் போகும்போது பலகைக்கு நேராக நின்று, உதட்டுக்குள் அல்ல, உள்ளே அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் வயலில் இறங்கினாள்.