ஹேட் என்ற சொல்லும் முனாப்பின் முட்டைக் காசும்

சீனன்குடா முகாமின் வெள்ளைக்காரத் துரை முனாப்புக்கு நூற்றெண்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. முட்டைக் காசும் கோழிக் காசும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், வெள்ளைக்காரர் முகாமை விட்டுப் போகிற மாதம் அது.

முனாப் கிண்ணியாக்காரன். தோணியில் துறை கடந்து, கூடையைச் சைக்கிளில் கட்டி, முகாம் குசினிக்கு முட்டை கொண்டுபோவான். ஒரு முட்டைகூட உடையாது. அந்த முகாம் வியாபாரத்தைப் பிடித்துக் கொடுத்தவன் நான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான்; ஆனால் துரைமாரோடு கதைத்துக் கதைத்தே லொறி வாங்கினவன். இங்கிலீசில் எந்தச் சொல்லுக்கும் முனாப் என்னிடந்தான் வருவான்.

ஒரு வியாழக்கிழமை மூச்சு வாங்க வந்தான். "அண்ணன், ஹேட் எண்டால் என்ன?"

"வெறுப்பு. கண்ணிலயும் காட்டக் கூடாத வெறுப்பு."

அவன் முகம் கறுத்துவிட்டது. காசு கேட்டதற்குத் துரை தலையைக் குனிந்து, "ஐ ஹேட் டு ஆஸ்க் யூ" என்று தொடங்கினாராம். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க, மிச்சத்தைக் கேட்காமலே என்னிடம் ஓடிவந்துவிட்டான்.

"என்னை வெறுக்கிறவன்ட வாசலுக்கு இனிப் போகமாட்டன். என்ட காசு அவனைப் புதைக்கிற கபன் துணிக்கு ஆகட்டும்!"

"உன்ட தங்கச்சி றஹ்மாட கலியாணம்?"

கலியாணச் செலவே அந்தக் காசுதான். சனிக்கிழமை துரை கப்பல் ஏறுகிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. என் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தான். கதிரை போட்டும் இருக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

என் மனைவி குணேஸ்வரி கொன்வென்டில் படித்தவள். படித்த பெண்ணைக் கட்டவும் ஒரு கெட்டித்தனம் வேண்டும். குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "முனாப் தம்பி, துரை சொன்னதை அப்படியே சொல்லுங்கோ" என்றாள். சொன்னான். அவள் சிரித்த சிரிப்புத் தெருவுக்குக் கேட்டது.

"ஐயோ, அது உங்களை வெறுக்கிறதில்லை. உங்களிட்டக் கேக்கவே கூச்சமாயிருக்கு எண்டு தவணை கேக்கத் தொடங்கியிருக்கிறார். பிறகு என்ன சொன்னவர்?"

"நான் நிண்டு கேட்டால்தானே, அக்கா!"

"ஓம், உங்கட அண்ணன் படிப்பிச்ச இங்கிலீசு!"

நான் சொன்ன அர்த்தம் பிழையில்லை. துரை அந்தச் சொல்லை வைத்த இடந்தான் பிழை. அதைப் பற்றிச் சண்டை பிடிக்க நேரமில்லை, லொறியை எடுத்தேன். "கெதியா, கெதியா" என்று வழி முழுக்க முனாப் கதவைத் தட்டியபடி வந்தான்.

முகாம் வாசலில் காவல்காரன் மறித்தான். உள்ளே பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த துரை முனாப்பைக் கண்டதும் ஓடிவந்தார். காலையிலேயே சம்பளம் வந்துவிட்டதாம், முட்டைக்காரன் எங்கே என்று கண்டவரையெல்லாம் கேட்டாராம். முனாப் கையை நீட்டினான். விரிந்த உள்ளங்கையில் பத்து ரூபாய்த் தாள்களைத் துரை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.