வெட்டாத தகடு

ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், அதனால் அண்ணியும் கூப்பிட்டாள், கட்டிக்கொடுத்துவிட்ட அண்ணன் மகளுக்கு அவள் பாப்பா அத்தை. பள்ளிக்கூட வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு மட்டும் டிரைவர் ஆன்ட்டி. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சமைப்பாள். மாலையில் அவர்களை வீடு சேர்த்துவிட்டு வந்து துணி மடிப்பாள். பாப்பா பாப்பா என்று கொஞ்சிக்கொண்டே ஒரு ஆளை இவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் தன் பழைய மஞ்சள் வேனைத் தலைமுழுகியபோது அவளே அதை வாங்கிக்கொண்டாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் போயிற்று. சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டாள், அடுப்பு வைத்தாள், ஓரத்தில் கேஸ் சிலிண்டருக்கு இடம் ஒதுக்கினாள். ஊர் ஊராகப் போய் அங்கங்கே தங்குவது என்பதைத் தவிரத் திட்டம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் யாருக்கும் டீ போட வேண்டியதில்லை, அது போதும் அவளுக்கு.

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் சிரித்தான்.

"போகட்டும் விடு. ஒரு வாரத்துல திரும்பி வந்துருவா."

வீட்டை ஒட்டியே அண்ணனுக்குப் பட்டறை, வேன்களுக்கு பாடி கட்டும் வேலை. ஆகாதவர்கள்கூடத் தொழிலில் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள். கேஸில் ஓடும் பிரிட்ஜை வேனில் பொருத்துவது அவனுக்குக் கைவந்த காரியம். அந்த பிரிட்ஜ் ஒரு விசித்திரப் பிறவி, பின்பக்கம் நெருப்பு எரிந்தால்தான் உள்ளே குளிரும். அந்தச் சூடும் புகையும் வெளியே போக வேன் சுவரில் மேலே ஒரு துவாரம் வேண்டும், வெளிக்காற்று வரக் கீழே ஒன்று. வெட்டிய இடத்தில் கிரில் மாட்டுவார்கள். எதற்கு இரண்டு ஓட்டை என்று இழுத்த ஒரு வாடிக்கைக்காரரை அண்ணன் பட்டறை வாசலிலேயே வறுத்தெடுத்ததை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

"புகை உள்ள நின்னா தூக்கத்துலயே போய்ச் சேந்துருவீங்க. சம்மதம்னா சொல்லுங்க, வெட்டாம விட்டுடறேன்."

தங்கையின் வேனுக்கு அவனே தன் கையால் பிரிட்ஜைப் பொருத்திக் கொடுத்தான். பிரிட்ஜைச் சுற்றி மரப்பெட்டி, வெளிச்சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கறுப்பு கிரில். அவள் பூரித்துப் போனாள். பார்த்தவர்களிடமெல்லாம் "அண்ணன் போட்டது" என்று சொல்லிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் பிரிட்ஜை ஓட்டிப் பார்க்கலாம் என்று பட்டறை வாசலில் வேனை நிறுத்திப் பற்றவைத்தாள். மத்தியானம் தாண்டியும் உள்ளே வைத்த தண்ணீர் வைத்த மாதிரியே இருந்தது. படுக்கையில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தலை கனத்துப் போய் வலித்தது. தையலால் வந்த வலி என்று நினைத்தாள்.

"வண்டி லெவலா நிக்கல பாப்பா. சமமா நிறுத்து, எல்லாம் சரியாயிரும்" என்றான் அண்ணன்.

சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றிச் சமம் பார்த்தாள். மறுநாளும் அதே கதை, அதே தலைவலி. வெயில் ஜாஸ்தி என்றான். அப்புறம், புது பிரிட்ஜில் குளிர் பிடிக்கக் கொஞ்ச நாளாகும் என்றான். பேசும்போதெல்லாம் அவன் கையிலிருந்த இரும்பைத்தான் பார்த்தான். வேலை மும்முரம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வேனுக்குள் பிரிட்ஜின் மரப்பெட்டி தொட முடியாமல் கொதித்தது. வெளியே வந்து மேல் கிரில்லில் உள்ளங்கையை வைத்தாள். சூடு துளியும் வரவில்லை. கிரில் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்த்தாள். டக் என்று தகட்டில் முட்டியது. கீழ் கிரில்லிலும் டக்.

கிரில்லைக் கழற்றினாள். பின்னால் வேனின் சுவர் முழுசாக இருந்தது. துவாரம் மாதிரி இருட்டாகத் தெரிய வேண்டுமே, அதற்காகத் தகட்டில் கிரில் அளவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தான். அவன் வேலையில் எப்போதுமே பிசிறு இருக்காது. இதிலும் இல்லை.

கிரில்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனாள். ஏன் வெட்டவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"கறுப்பு பெயிண்ட் எதுக்கு அண்ணா?"

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"ரெண்டு ஓட்டை விழுந்தா வண்டி கெட்டுப் போயிரும் பாப்பா. மாப்பிள்ளை லோடு ஓட்ட ஒரு வண்டி வேணும்னு கேட்டிருக்காரு. நீ எப்படியும் வந்துருவ. அப்புறம் இது சும்மாதான நிக்கப் போகுது?"

"அது வரைக்கும் நான் உள்ள படுத்திருப்பேன்ல? புகை நின்னா என்ன ஆகும்னு ஊருக்கே சொல்றவன் நீ."

அண்ணன் சுத்தியலைத் திரும்ப எடுத்தான்.

"ஜன்னலத் திறந்து வெச்சுட்டுத்தான் படுப்பன்னு நெனச்சேன்."

கொல்லப் பார்த்தான் என்று நினைத்து ஆத்திரப்படக்கூட வழியில்லை. அதற்காவது அவளை ஒரு ஆளாக எண்ணியிருக்க வேண்டும். அவன் எண்ணியது வண்டியை, மாப்பிள்ளையை, தகட்டை.

சுவரில் மாட்டியிருந்த கட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் தகட்டில் அண்ணன் கறுப்பு அடித்த இடத்தை அப்படியே வெட்டி எடுத்தாள், முதலில் மேலே, அப்புறம் கீழே. வெட்டு கோணல்மாணலாகத்தான் வந்தது. வெட்டிய தகடு தரையில் விழுந்த சத்தத்துக்கு அண்ணி வீட்டு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கிரில்லைத் திரும்ப மாட்டும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். வெட்டின விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல சீல் வெச்சிரு பாப்பா. மழைத் தண்ணி இறங்கினா தகடு துருப்பிடிச்சிரும்."

"நான் செத்திருந்தா தகடு நல்லா இருந்திருக்கும்" என்றாள். கட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள்.

ஒரு வாரம் ஆயிற்று, மாதமும் ஆயிற்று, அவள் திரும்பவில்லை. பிரிட்ஜில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. மேல் கிரில்லில் கை வைத்தால் சூடு நன்றாக வெளியே வருகிறது. தினமும் சாயங்காலம் அவள் கை வைத்துப் பார்க்கிறாள். அப்படியும், எங்கே தங்கினாலும், பல் கிட்டுகிற குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.