பதினேழு நாள் பிதுக்குப் பருப்பு

மாமா எங்கள் வீட்டில் வந்து தங்கிய மார்கழியில் நாங்கள் பதினேழு நாள் விடாமல் பிதுக்குப் பருப்பு சாப்பிட்டோம்.

ஓசூர்ப் பக்கம் பனி இறங்கியதும் அவரைக்காய் வந்து குவியும். காயை உரித்துக் கொட்டையை எடுத்து, இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். தோல் விரலோடு நின்றுவிடும். பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு வேளைக் குழம்புக்கே நூற்றுக்கணக்கில் பிதுக்க வேண்டியிருக்கும் என்பதால் எந்த வீட்டிலும் சீசனுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் இதை வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பதினேழு நாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடு, ஒரே குழாய். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஐடிஐ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். சிநேகிதர்களோடு தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தெருமுனையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். குழந்தைகள், நாய்கள், மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த விசிலுக்குச் சொந்தக்காரர் என் மாமா என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஐப்பசியில் அவருடைய வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. கையில் அடி என்று மட்டும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி, கட்டு, தையல் எல்லாம் முடிந்து மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையைச் சுற்றி ஒரு துண்டு போட்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, “மாமா, ஒரு விசில் அடிங்க மாமா” என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. ஒரு அடி விழுந்திருந்தால் அந்தச் சத்தத்திலாவது அந்த நிமிடம் கழிந்திருக்கும்.

ஹாலின் மூலையில் ஒரு கட்டில் போட்டு, அம்மா தன் பழைய புடவையைத் திரையாகக் கட்டிக் கொடுத்தாள். மாமா அதற்குள் போனவர் போனவர்தான். சாப்பாடும் உள்ளேயே. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது அவருக்கு. தட்டு பாதி சோற்றோடு திரும்பி வரும். ஆஸ்பத்திரியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்திருந்தார்கள். மீதி இருக்கிற விரல்களால் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம்; இல்லாவிட்டால் கை விறைத்துப் போய்விடுமாம். மாமா அதைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டார். எனக்கு விளையாட ஒரு பந்து கிடைத்தது.

அந்த வாரம்தான் அம்மா சந்தையிலிருந்து ஒரு பெரிய பை நிறைய அவரைக்காய் வாங்கி வந்தாள். அப்பா மலைக்குப் போக மாலை போட்டிருந்ததால் வீட்டில் கவிச்சி கிடையாது. “சாமிக்கு வாய்க்கு ருசியா ஏதாவது வேணும்ல” என்றாள். மாலை போட்டதிலிருந்து அம்மாவும் அப்பாவை சாமி என்றுதான் கூப்பிட்டாள். அப்பா எதைப் போட்டாலும் சாப்பிடுகிற சாமி.

அரைப்பரீட்சை லீவு என்பதால் பிதுக்குகிற வேலைக்கு நான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தளிக்கார அக்காவும் வந்தாள்; கர்நாடக எல்லையில் இருக்கிற தளிதான் அவளுக்குச் சொந்த ஊர். அவளுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். அண்டாவுக்குள் ஊறிய கொட்டைகள் உப்பிப் போய்க் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்து அழுத்தினாள். பளிச்சென்று ஒரு பச்சைப் பருப்பு துள்ளி வந்து தட்டில் விழுந்து இரண்டாகப் பிளந்துகொண்டது. அந்தச் சாம்பல் தோலுக்குள் அப்படி ஒரு பச்சை இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. நான் அழுத்தியது எகிறி அப்பாவின் சாமி படத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குக் குழம்பு. தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, கொஞ்சம் பட்டை கிராம்பு அரைத்து ஊற்றிக் கொதித்தபோது ஆறு வீடும் மணத்தது. மறுநாள் அதே பருப்பில் பொரியல். அடுத்த நாள் உப்புமா. தளிக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“யாக்கே, ஏன் அக்கா? உப்புமாவுக்குக்கூடவா தோலு எடுப்பாங்க? எங்கூர்ல கொட்டையா அப்பிடியே போட்டுடுவோம்.”

“பாப்பாவுக்குத் தோலு செரிக்க மாட்டேங்குதுடி” என்றாள் அம்மா. எனக்குக் கல்லும் செரிக்கும். உண்மையில் அவரை ஆகாதது அம்மாவுக்குத்தான். ஒரு கரண்டி சாப்பிட்டாலும் வாயு பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் குழம்பை ஊற்றிவிட்டு அவள் மோர் சோறு சாப்பிடுவாள்.

நாலாம் நாள் அம்மா கட்டைவிரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். நகச்சுத்தியாம். தளிக்கார அக்காவும் அன்று ஊருக்குப் போய்விட்டாள். ஒரு சட்டி கொட்டையோடு நான் தனியாக மாட்டிக்கொண்டேன். அம்மா அந்தச் சட்டியைத் தூக்கி வந்து, இடமில்லாத மாதிரி, மாமாவின் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் அவசரத்தில் பாதியை நசுக்கிக் கூழாக்கிக்கொண்டிருந்தேன். திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“நசுக்காத பாப்பா. முனையில புடி. முளை வர்ற பக்கமா அழுத்து.”

“வர மாட்டேங்குது மாமா.”

புடவை கொஞ்சம் விலகியது. ஒரு இடது கை வெளியே வந்து கொட்டையை எடுத்தது. ஒரே அழுத்து. பருப்பு முழுசாக வந்தது. அந்தக் கை மறுபடியும் ஒன்றை எடுத்தது. எனக்கு வேலை குறைந்ததில் சந்தோஷம். சமையலறைப் பக்கம் பார்த்தேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ அரிகிற மாதிரி நின்றிருந்தாள். கத்தியின் சத்தம் கேட்கவில்லை.

ஆறாம் நாள் மாமா திரையைத் தள்ளிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அம்மா சும்மா இருக்கவில்லை.

“ஒத்தக் கையில இந்த வேகத்துல போனா, சாமி நைட் ஷிப்டுக்குப் பட்டினியாத்தான் போகணும்டா.”

“அப்ப நீ வந்து செய்” என்றார் மாமா. எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எனக்குத்தான் நகச்சுத்தி ஆச்சே.”

மாமா அவளையே பார்த்தார். அப்புறம் குனிந்து மடியில் இருந்த துண்டைப் பார்த்தார்.

அந்தக் கையை நான் முதன்முதலாகப் பார்த்தது எட்டாம் நாள். துண்டு நழுவியதா, அவரே எடுத்தாரா, தெரியாது. கட்டைவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் இருந்த இடம் இளஞ்சிவப்பாக, புதுசாக, தைத்த வரிகளோடு இருந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பதை மாமா பார்த்துவிட்டார்.

“பயமா இருக்கா?”

“இல்ல மாமா.”

பொய் சொல்லவில்லை. பயம் வரவேயில்லை. கோழிக்குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போமே, அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பழக்கத்தில் ஆள்காட்டி விரலைத் தேடிக்கொண்டு போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கொட்டை நழுவித் தரையில் உருளும். மாமா அடுத்ததை எடுப்பார். கட்டைவிரல் மறுபடியும் அதே இடத்துக்குப் போகும். மோதிர விரல் மெல்ல வளைந்து வரும். பாதி வழியில் நடுங்கி நின்றுவிடும். மாமாவின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை. அன்று ஒன்றுகூட வரவில்லை. தரையெல்லாம் கொட்டை. நான் பொறுக்கிக் கழுவிக் கழுவிச் சட்டியில் போட்டேன். ஒரு மனிதர் தன் கையோடு அப்படி மல்லுக்கட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. விசில் அடித்த மாமாவைவிட இந்த மாமா பெரியவராகத் தெரிந்தார்.

பதினோராம் நாள் அது நடந்தது. கட்டைவிரலும் மோதிர விரலும் ஒன்றை ஒன்று தொட்டன. நடுவில் கொட்டை. மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பருப்பு வந்தது. ஒரு கீறல் இல்லை. பச்சையாக அவருடைய உள்ளங்கையிலேயே கிடந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஏனோ சத்தம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது ஒரு கணம் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்களே, அந்த மாதிரி இருந்தது.

“அக்கா” என்றார் மாமா.

“என்னாடா?”

“ஒண்ணுமில்ல.”

அம்மா சமையலறையிலிருந்து வரவேயில்லை. “சரி, சீக்கிரம் பிதுக்குங்க. எண்ணெ காயுது” என்றாள். அன்றைக்குப் பருப்பை எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டுக் குலுக்கினாள். அப்படி ஒரு மொறுமொறுப்பை நான் அதற்குப் பின் எந்தக் கடையிலும் சாப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் வேகம் வந்துவிட்டது. ஊரிலிருந்து திரும்பி வந்த தளிக்கார அக்காவோடு மாமாவுக்குப் போட்டி. அவள் இரண்டு கைக்கு, இவர் ஒரு கை. அவள்தான் ஜெயித்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிரமப்பட்டு ஜெயித்தாள். வடை, ரொட்டி, கூட்டு என்று எல்லாவற்றிலும் அவரை. அப்பா மட்டும் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, “சாமியே சரணம்” என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

பதினேழாம் நாள் அம்மா கேழ்வரகுக் களி கிண்டி, மறுபடியும் முதல்நாள் வைத்த அதே குழம்பை வைத்தாள். அப்பாவுக்கும் எனக்கும் தட்டு வைத்துவிட்டு, மாமாவின் தட்டைத் திரைக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாமா எழுந்து வந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

ஸ்பூன் வைக்கவில்லை. மாமா வலது கையைக் களியில் வைத்தார். மூன்று விரலால் ஒரு துண்டைக் கிள்ளினார். குழம்பில் தோய்த்தார். தூக்கும்போது பாதி சட்டையில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. அடுத்த துண்டு முழுசாகப் போனது. அப்பா தன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கக்கூடாது என்று எனக்கு எப்படியோ தெரிந்தது, ஆனாலும் பார்த்தேன்.

“அக்கா, இன்னொரு உருண்டை போடு.”

அம்மா அங்கே இல்லை. நான் எழுந்து சமையலறைக்குள் போனேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, குழம்புச் சட்டியிலிருந்து கரண்டியாலேயே பருப்பை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அம்மா, உனக்கு ஆகாதே!”

“இன்னைக்கு ஆகும்” என்றாள் வாய் நிறையப் பருப்போடு.

அவள் கட்டைவிரலில் துணி இல்லை. பிடித்துப் பார்த்தேன். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு தழும்புகூட இல்லை. மஞ்சளுக்கு இவ்வளவு சக்தியா என்று நான் அசந்துபோனேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

“நாளைக்கும் அவரையாம்மா?”

“இல்ல. சீசன் முடிஞ்சுபோச்சு.”

பொங்கல் கழிந்து மாமா மறுபடியும் கம்பெனி பஸ் ஏறினார். மெஷினுக்கு அல்ல, சின்னச் சின்ன வாஷர்களைப் பொறுக்கி எடுத்துச் சரிபார்க்கிற மேஜைக்கு. இன்றைக்கு அந்தப் பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு.

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நானும் சந்தைக்குப் போனேன். நுழைந்த உடனேயே அந்த வாசனை. வலது பக்கம், இடது பக்கம், சாக்கு விரித்த இடமெல்லாம் அவரைக்காய். பனி ஈரம் காயாமல், என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஒரு அம்மாள் படியால் அளந்துகொண்டே, “அவரெ, அவரெ” என்று கூவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சீசன் முடிஞ்சுபோச்சுன்னியே.”

“ஆமா, முடிஞ்சுதான் போச்சு” என்றாள் அம்மா. அந்தக் குவியல்களுக்கு நடுவில், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்து போய், கால்கிலோ வெண்டைக்காய் வாங்கினாள்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.