பெட்டிக்குள் வாசித்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் கீபோர்டு வாசிப்பார். வீட்டில் பனியனோடு உட்கார்ந்தால் அத்தான் புலி. நாலு பேர் பார்த்தால் விரல் பத்தும் பத்துத் திசைக்குப் போகும்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேகத்தைக் குறைத்து வைத்து, முதலில் இடது கை வாசிப்பதைக் கீபோர்டிலேயே பதிவு செய்வார். அது ஓட ஓட, அதன்மேல் வலது கையின் மெட்டை ஏற்றுவார். பிசகினால் அழித்துவிட்டு மறுபடியும். ஹோட்டலில் வேகத்தைக் கூட்டி அதை ஓடவிட்டு, கட்டைகள்மேல் கையைச் சும்மா அசைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தும்மல் வந்து தொலைத்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாட்டு அது பாட்டுக்குப் போனது. முன்மேசையில் இருந்த முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார்.

“யாருங்க வாசிக்கிறது?”

“நான்தாங்க.”

“நீங்க தும்மிட்டுல்ல இருந்தீங்க?”

“முன்னாடியே வாசிச்சு வச்சதுங்க.”

“அப்ப இப்ப வாசிங்க, பார்ப்போம்.”

வாசித்தார். அதை வாசிப்பு என்று சொன்னால் எனக்கே பாவம். முதலாளி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மொதல்ல கேட்டதுதான் நல்லா இருந்துச்சு. அதை வாசிச்சவரைக் கூட்டிட்டு வாங்க. நீங்க வேண்டாம்.”

அந்த மேடை நாற்காலிக்காகத்தான் மனுஷன் பகலெல்லாம் மாத்திரைப் பட்டைகளோடு மல்லுக்கட்டுகிறார். வீட்டுக்கு வந்து அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரைக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. நான் போகாம அவர் எப்படி வருவாரு?”

எனக்குத் தலை சுற்றியது. அக்கா மறுநாள் நேரே முதலாளியிடம் போய்விட்டாள்.

“ரெண்டும் ஒரே ஆளுதாங்க. ஆள் பார்த்தா கை ஓடாது, அவ்வளவுதான்.”

அவர் நம்பினாரோ இல்லையோ, ஒரு முடிவுக்கு வந்தார்.

“சரி, கீபோர்டுப் பெட்டி இங்கேயே இருக்கட்டும். பொத்தானை எங்க ஆளே அமுக்கிக்குவான். சம்பளம் பழையபடி. அவரு வர வேண்டாம்.”

வேலை போனதா, நிலைத்ததா? சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா? மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தும் பிடிபடவில்லை.

அந்த வாரம் மூவரும் அங்கே சாப்பிடப் போனோம். மேடையில் கீபோர்டு தானாகப் பாடியது. முன்னால் யாரும் இல்லை. பாட்டு முடிந்ததும் கூடமே கைதட்டியது. அத்தானின் கையும் எழுந்தது. அக்கா அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“உங்களுக்கு நீங்களே கைதட்டிக்குவீங்களா?”

அத்தான் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவர் நல்லா வாசிச்சாரே” என்றார்.