மில்லில் திறந்த மூன்றாவது கழிப்பறை

பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த கையோடு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தரம் பார்க்கும் ஆய்வகத்தில் நூலின் பலத்தைச் சோதித்துக் குறித்துவைக்கும் வேலை. வேலை பிடித்திருந்தது. வெளியே சொல்லக் கூச்சமான ஒரு சிக்கல்தான் இருந்தது.

நான் திருநம்பி. பெண் பிள்ளை என்று வளர்த்தார்கள். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. பெண்கள் கழிப்பறைக்குப் போனால் அங்கிருப்பவர்கள் பதறினார்கள். ஆண்கள் பக்கம் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகினேன். மூன்றாவது வாரம் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்துவிட்டேன்.

திரும்பி வந்த அன்று, ஆய்வகப் பொறுப்பாளரான அக்கா எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒடம்புக்கு என்னப்பு? ஒளிக்காமச் சொல்லு."

தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா ஒடம்பக் கெடுத்துக்கிட்ட? எந்திரி, வா."

மேலாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர். அக்கா பேசி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"ஏனுங்க தம்பி, சேரும்போதே சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "நாங்களும் கேட்டிருக்கோணும்" என்றார்.

நூல் வாங்க வரும் பெரிய ஆட்களுக்கென்று அலுவலகத்தின் பின்னால் ஒரு கழிப்பறை பூட்டியே கிடந்தது. அதை நான் பயன்படுத்தலாம் என்றார். சாவி வாட்ச்மேனிடம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"சாவி எதுக்கு?"

மெதுவாகச் சொன்னேன்.

"என்னது?"

உரக்கச் சொன்னேன். லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இதைக் கேட்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் மறுநாளே வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் வைக்கச் செய்தார்.

கதவில் மாட்டும் பலகையில் 'மற்றவர்' என்று எழுதிவிடலாமா என்று மேலாளர் கேட்டார்.

"வேணாம் சார். அப்புறம் நான் உள்ள போறதயும் வாரதயும் வேடிக்கை பார்ப்பாங்க. வெறுமனே கழிப்பறைன்னு எழுதுங்க. யாரு வேணா போகட்டும்."

'யாரு வேணா' என்பதை மில்லே பிடித்துக்கொண்டது. நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஏழு மாதக் கர்ப்பிணி வந்தார். முழங்கால் வலிக்காரரான ஃபிட்டர் வந்தார். அங்கே இருந்தது வெஸ்டர்ன் டாய்லெட். ஒருநாள் டீ நேரத்தில் போனால் எனக்கு முன்னால் ஐந்து பேர்!

அந்த ஃபிட்டர் அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், ஏதாவது தேவையென்றால் கையைத் தட்டுவார். அன்று வரிசையில் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீ முன்னால போ. ஒனக்குன்னுதான தொறந்தது."

அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. "இருக்கட்டும்ணே. ஒங்களுக்குத்தான் கால் வலி" என்றேன்.

"நிக்கிறதுக்கு வலி இல்லப்பா. உக்காந்து எந்திரிக்கத்தான்."

வரிசையே சிரித்தது.

அந்த மாதக் கூட்டத்தில், இந்த மாதிரி ஒன்று பத்தாது என்று எழுந்து கேட்டதும் அவர்தான். "ஒருத்தருக்குன்னு தொறந்தா ஊரே நிக்குதுங்களே!" என்று மேலாளர் தலையில் கைவைத்தார். ஆனாலும் மெஷின் பக்கம் இன்னும் இரண்டு கட்டிக் கொடுத்தார்.

இப்போது நான் அங்கே நிரந்தர ஊழியன். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் அக்கா முதல் நாளே ஒரு தாளைக் கொடுக்கிறார்: உங்களை எப்படி அழைக்க வேண்டும், என்ன வசதி தேவை என்று எழுதித் தரலாம். ஃபிட்டர் அண்ணன் அவர்களைக் கூட்டிப்போய்க் கழிப்பறைகளைக் காட்டுகிறார்.

"இதெல்லாம் நான் சண்ட போட்டு வாங்குனது."

பக்கத்தில் நிற்கும் நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.