குடிக்காத ஆழ்வாப்பிள்ளை

ஆழ்வாப்பிள்ளை எங்கள் கடற்கரையில் தொழில் செய்பவர். சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. கலியாண வீட்டில் யாராவது போத்தலைத் திறந்தால் மெல்ல எழுந்து போய்விடுவார். அதற்காக நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. விடிய மீனை விற்றுவிட்டு, பின்னேரம் மகள் நிவேதனாவைச் சைக்கிளில் ஏற்றி நெல்லியடிக்கு ரியூசனுக்குக் கொண்டுபோவார். வகுப்பு முடியும்வரை மதிலோரம் நிற்பார். அந்த மகள் இன்று விரிவுரையாளர்.

அவளுடைய கதையைப் படமாக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஜெயரூபன் என்ற இயக்குநர் வந்தார். அவளும் நம்பி எல்லாவற்றையும் சொன்னாள். ரியூசன் வாத்தியார், "மீன் மணக்குது, பின்வாங்கிலை இரு" என்று கடைசி வரிசைக்கு அனுப்பியதைக்கூட மறைக்கவில்லை.

படம் காட்டிய அன்று, எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் பொன்னாடை. ஆழ்வாப்பிள்ளையை மேடைக்கு அழைத்துப் போர்த்தி, மாலை போட்டு, முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு விளக்கை அணைத்தார்கள்.

திரையில் தகப்பன் வெறியில் தள்ளாடி வந்து மகளின் புத்தகங்களை அடுப்பில் போட்டான். உடனே பெரிய கல்வீட்டு வாத்தியார் ஓடிவந்தார். பிள்ளையின் கண்ணைத் துடைத்தார், தன் செலவில் படிப்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் படம் எடுத்தாலும் கடற்கரையார் நாங்கள் குடிகாரர், கல்வீட்டுக்காரர் தெய்வம். அவர்கள் கைகொடுக்காமல் எங்கள் பிள்ளை படிக்கவே கூடாதா? மண்டபம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உது நானோ?"

அவள் எழுந்து போய், படம் முடிந்த கையோடு மைக்கைப் பிடித்தாள். "என்ரை அப்பா ஒருநாளும் குடிச்சதில்லை. என்னைப் படிப்பிச்சது அவர்தான். அந்த வாத்தியார் என்னைப் பின்வாங்கிலை இருத்தினவர். நீங்கள் பாத்தது பொய்."

ஜெயரூபன் கண் கலங்க வந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தியளே? இவ்வளவு பட்டும் தகப்பனை விட்டுக்குடுக்கேல்லை. இதுதான் எங்கடை பெண்பிள்ளை."

சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் திரும்பவும் ஏதோ சொன்னாள். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

வாசலில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் சிவசுப்பிரமணியம், ஆழ்வாப்பிள்ளையின் தோளில் கைவைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. இனியாவது உந்தக் குடியை விட்டிடும்."

ஆழ்வாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி, "ஓம் ஐயா" என்றார்.