அத்தை விழுந்த மூன்று இடங்கள்

திருத்தணியில் என் அத்தை மூன்று இடங்களில் வலிப்பு வந்து விழுந்திருந்தார். திருப்பதி பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒருமுறை, சான்றிதழுக்கு வரிசையில் நின்றபோது தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருமுறை, காய்கறி மார்க்கெட்டில் தக்காளிக் கடைக்கு முன்னால் ஒருமுறை. மூன்று முறையும் யாராவது ஓடிவந்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அந்த மூன்று இடங்களையும் காட்டாமல் முன்பின் தெரியாத ஓர் அம்மாளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு, ஒன்பது வயதில் என் தலையில் விழுந்தது.

அத்தையைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். வலிப்பைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது என் அப்பாவின், அதாவது நைனாவின் உத்தரவு. சொல்லிவிடலாமே அண்ணா என்று அத்தை முந்தின வாரம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். சொன்னால் எவன் வருவான் என்று நைனா திருப்பிக் கேட்டார்.

கேசரித் தட்டுகள் காலியாகி, நைனா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கிய சமயத்தில், மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்தார். ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன், இந்தச் சின்னப் பெண் கூட வந்தால் போதும் என்று என்னைக் காட்டினார். செருப்பு மாட்டும்போது என் அம்மா காதருகே குனிந்தார்.

"மார்க்கெட் பக்கம் போவாத. வாயத் தொறக்காத."

மலைக்குக் கூட்டிப்போயிருந்தால் கவலையே இல்லை. ஆனால் அவர் காலையிலேயே சாமி பார்த்துவிட்டாராம். மறுபடி படியேற முழங்கால் இடம்கொடுக்காதாம். பஸ் ஸ்டாண்டையும் தாலுகா ஆபீஸையும் ஒதுக்கி, சந்து சந்தாக நடந்தேன். அவற்றை விட்டுவிட்டால் திருத்தணியில் காட்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை. சரவணப் பொய்கையைக் காட்டினேன். ஜவுளிக் கடையில் தொங்கிய புடவைகளைக் காட்டி, இதெல்லாம் அம்மையார்குப்பத்தில் நெய்தது என்றேன். கரும்பு லாரி ஒன்று போனது. திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிறது என்றேன். நான் பேச்சை நிறுத்தினால் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். அவரோ எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒருதரம் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

திடீரென்று, மார்க்கெட் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறந்த ஊரில் மார்க்கெட் தெரியாத பெண்ணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழியில் போனவரிடம் விசாரித்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

தக்காளிக் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேன். பயனில்லை.

"இன்னாமா, உங்க அத்தைக்கு இப்ப எப்பிடிக்கீது?" என்றார் கடைக்கார அம்மா. "அன்னிக்கு வலிப்பு வந்து இங்கதான விழுந்துச்சு. நெத்தியில வேற அடி."

எனக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கரும்புச்சாறு கடை பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு தம்ளர் சொன்னார்.

"அடிக்கடி வருதா?"

"மூணு வாட்டிதாங்க."

"மாத்திர போடுதா?"

"ஆங். காலையில ஒண்ணு, ராவுல ஒண்ணு. நான்தான் தண்ணி எடுத்தாந்து குடுப்பேன்."

வீட்டுக்குப் போனதும் நைனா தோலை உரிப்பதைவிட, அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அவர் தம்ளரைக் காலிசெய்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேட்டேன்னு வீட்ல சொல்லாத கண்ணு. நானும் சொல்ல மாட்டேன்."

திரும்பும்போது மல்லிகைப்பூ வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத் தம் கையாலேயே அத்தையின் தலையில் வைத்து, எங்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். தாலி கட்டும் நேரத்தில் அவர் எழுந்து நிறுத்திவிடுவார் என்றே எதிர்பார்த்திருந்தேன். நிறுத்தவில்லை. ஆவடிக்குப் போன பிறகும் அத்தை இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் அவரை மடியில் கிடத்திக்கொண்டது அந்த அம்மாள்தான்.

என் கல்யாணப் பேச்சு எழுந்த சமயத்தில், இத்தனை வருடம் மறைத்த குற்றத்தை அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"உங்க மாமாவுக்கு வலது காது சுத்தமா கேக்காது. அத எங்க கிட்ட மறைச்சிகினுதான் வந்தாங்க. அன்னிக்கு உங்க நைனா அந்தப் பக்கமா போயி உக்காந்துட்டாரு. மாமா எந்தக் கேள்வியில மாட்டுவாரோன்னு பாத்துகினு இருக்க முடியாம, அந்தம்மா உன்ன இட்டுகினு கெளம்பிட்டாங்க."

அந்த மத்தியானம் திருத்தணித் தெருக்களில் பயந்துகொண்டே நடந்தது நான் ஒருத்திதான் என்று, அதுவரை நினைத்திருந்தேன்.